பஸ்ஸில் எழுதிய சண்டைகள்

என் மகள் பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச்சு அப்படியே இருந்தது. தமிழ் மட்டும் போய்விட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. கரமனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள ஒரு தெருவில் நாங்கள் இருக்கிறோம். என் மனைவி அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டவன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்பது எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொடுக்காத வழக்கம். பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட டீச்சர், கரண்ட் ஆபீஸ்காரர் எல்லோருக்கும் மலையாளம். அப்பா, அம்மாவுக்குத் தமிழ். அந்த வழக்கப்படி பார்த்தால், என் மகள் என்னைக் கொண்டுபோய் கரண்ட் ஆபீஸ்காரர் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால் "கழிச்சு" என்பாள், சாப்பிட்டாச்சு என்று. "எங்கே போறே?" என்றால் "லைப்ரரியில்" என்பாள். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் "பின்னெ பறயாம்" என்பாள். அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த அப்புறம் வராது. குரலில் கோபமே இருக்காது. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்கிற பெண்ணைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அம்மாவிடம் மட்டும் எப்போதும்போலத் தமிழில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் சத்தம் நின்றுவிடும்.

காரணம் எனக்குத் தெரியும். மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக அவளை ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அங்கிருந்து என் ஃபோனுக்குச் செய்தி வந்தது. உங்கள் மகள் ஆறு வாரமாக வகுப்புக்கு வரவில்லை, தொடர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். ஆறு வாரமும் அவள் நாலு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதை என் மனைவி பார்த்திருக்கிறாள். ஏழு மணிக்குத் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். "இன்னிக்கு க்ளாஸ் எப்படி?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறும். ஏன் போகவில்லை, ஏன் சொல்லவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று ஏன் ஏன் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் என்னைப் பார்த்து, "எனிக்கு ஒண்ணும் பறயானில்லா" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று, மலையாளத்தில். அடுப்படியில் என் மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து மகள் எங்களிடம் ஒரு வாக்கியம் முழுதாக மலையாளத்தில் பேசியதில்லை.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தது. கோழிக்கோட்டில் ஒரு கல்லூரியில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்தச் செய்தி என் மனைவி மூலமாக எனக்கு வந்து சேர்ந்தது. "அவளுக்குக் கிடைச்சுடுத்தாம். ஹாஸ்டலும் உண்டாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்றாள். பத்தடி தூரத்தில் மகள் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இவள் இப்படியே ரயில் ஏறிப் போய்விட்டால் அவ்வளவுதான். ஓணத்துக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள், மரியாதையாக இரண்டு வார்த்தை மலையாளத்தில் பேசிவிட்டுப் போவாள். அப்படியே ஆயுசு முழுக்கப் பழகிவிடும். அவள் கிளம்பும் முன்னால் என்னோடு ஒரு தடவை ஒழுங்காகப் பேசிவிட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆபீஸிலும் என் வாயைப் பற்றிப் பேச்சு வந்தது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். இருபது வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண் மூடிக்கொள்ளுமா? என் மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கதவைச் சாத்திவிட்டு, "சார், ஒரு காரியம் பறஞ்சா விஷமம் தோணருது" என்று தொடங்கினார். வருத்தப்படாதீர்கள் என்று ஒருவர் முதலிலேயே சொன்னால் வருத்தப்பட வேண்டிய விஷயம்தான் வரப்போகிறது. டீமில் உள்ள பிள்ளைகள் என்னிடம் எதையும் காட்டப் பயப்படுகிறார்களாம். சந்தேகம் கேட்க வருகிறவர்கள் பாதியில் திரும்பிப் போகிறார்களாம். பேச்சுத் திறனை மேம்படுத்தும் அரைநாள் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம்.

போனேன். பயிற்சி கொடுத்தவர் எல்லோருக்கும் பூப்போட்ட ஒரு டைரி தந்தார். தினமும் எழுதுங்கள், உங்கள் பேச்சு தானாக மாறும் என்றார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்று நான் எதற்கெல்லாம் நன்றி சொல்கிறேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. இந்தப் பயிற்சி முடிந்ததற்கு என்று எழுதலாம்போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த டைரியை மளிகைச் சாமான் லிஸ்ட் எழுத மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் மனிதர் சொன்னது மண்டையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கழக்கூட்டத்திலிருந்து கரமனை வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஹைவேயில் வண்டிகள் நகராமல் நிற்கும். இளைஞர்கள் எல்லாம் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். அப்படி ஒரு நாள் பஸ் நின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது. எனக்கு நன்றி எழுதத் தெரியாது. ஒரு கோளாறைப் பற்றி எழுதத் தெரியும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு கோளாறு கண்டால் அதற்கென்று எழுதுகிற முறை இருக்கிறது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. இந்த மூன்றும்தான். இவன் சோம்பேறி, அவளுக்கு அக்கறையில்லை என்றெல்லாம் எழுதக் கூடாது. திரையில் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். படிக்கிறவர் அதே படிகளைச் செய்தால் அதே கோளாறு திரும்ப வர வேண்டும். அந்த முறையில் சண்டைகளை எழுதிப் பார்த்தால் என்ன?

மறுநாளே சாலைக் கடைத்தெருவில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு தந்திரமான காரணம் உண்டு. என் மனைவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. இருவரும் படித்தது மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து என்பது அவர்களுக்கு நாகர்கோவில் பஸ்ஸின் போர்டு, கோவில் நோட்டீஸ், அவ்வளவுதான். நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தே போட்டாலும் யாரும் படிக்க முடியாது. பூட்டு சாவி எதுவும் வேண்டாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் குறிப்பு அந்தச் சண்டை. ஞாபகம் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே எழுதினேன். எழுதுகிறபோது கை நின்ற இடம் ஒன்று வந்தது. நான் கத்தத் தொடங்கிய உடனே அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அப்பா, ஒரு காரியம்..." என்றாள். நான், "முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். இத்தனை மாதமாக எனக்கு ஞாபகம் இருந்தது அவள் வாயே திறக்கவில்லை என்றுதான்.

அதற்குப் பிறகு நினைவு வந்த பழைய பேச்சுகளையும் எழுதினேன். டிசம்பரில் ஒரு நாள் நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "அப்பா, க்ளாஸைப் பத்தி ஒண்ணு" என்று வந்தாள். "முதல்ல அந்த ஃபோனைக் கீழே வை" என்றேன். பொங்கலன்று "அப்பா, கொஞ்சம் பேசணும்" என்றாள். "முதல்ல கையை அலம்பிட்டு வா" என்றேன். கையை அலம்பப் போனவள் திரும்பி வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

மூன்று தடவை, ஒரே படிகள், ஒரே முடிவு. என் தொழிலில் இதற்குமேல் சாட்சி தேவையில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். வெட்கமாக இருந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை என்றுதானே அத்தனை கத்து கத்தினேன்? அவள் மூன்று தடவை சொல்ல வந்திருக்கிறாள்.

சரி, இனிமேல் 'முதல்ல' என்று சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. முதல் நாளே என் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். "முதல்..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். "ஏன்னா, பல்லு வலிக்கறதா?" என்றாள். ஒரு வாரம் ஆனதும், "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே? நான் பேசறப்போ கேட்டுண்டே இருக்கேளே, பயமா இருக்கு. பிரஷர் பார்த்துண்டு வாங்கோ" என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன். எதிர்பார்த்தது பாராட்டு, நடந்தது ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னது.

ஆபீஸில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஒரு பெண் தன் வேலையில் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் மேஜைக்கு அடியில் என் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு அவளே தன் தவறைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

வீட்டில்தான் ஒன்றும் நகரவில்லை. நான் என் பக்கத்தைச் சரி செய்து வைத்திருக்கிறேன், வந்து பார்க்க வேண்டியவள் வரவில்லை. ஒரு நாள் காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மகள் தட்டோடு பக்கத்தில் நின்றாள். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு நாலு பேர் என்று மலையாளத்தில் சொன்னாள். "நாலு பேரா?" என்றேன். அதில் ஒருத்தி காசர்கோட்டுக்காரி என்றாள். "ஓ" என்றேன். தோசை கருகியது. அவள் அதையே வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாக்கியம். அன்று பஸ்ஸில் ஒரு பக்கம் முழுக்க அதைத்தான் எழுதினேன்.

மகள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் துணிமணியெல்லாம் பரப்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பையில் ஜிப் போய்விட்டது. என் ஆபீஸ் பையைத் தந்தேன், நல்ல கெட்டியான பை. அதன் பின்பக்கத்து அறையில் நோட்டு இருந்ததைச் சுத்தமாக மறந்துவிட்டேன். எத்தனை சாமர்த்தியமான ஆசாமி நான்!

குளித்துவிட்டு வந்தால், தாயும் மகளும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் என் நோட்டு. அதன்மேல் மகளின் ஃபோன். காமிராவை எழுத்தின்மேல் காட்டினால் மலையாளத்தில் சொல்லித் தருகிற வசதி அதில் இருக்கிறதாம். ஆடுகிற பஸ்ஸில் நான் கிறுக்கியதை அது படாத பாடுபட்டுப் படித்திருக்கிறது. அதன்படி நான் ஒரு வக்கீலிடம் யானையைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன்; நடுவில் ஒரு அண்டா குழம்பும் வருகிறது.

நோட்டைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஃபோன் ஒரே ஒரு வார்த்தையைச் சரியாகப் படித்துவிட்டது, மகள் என்று. பக்கத்துக்குப் பக்கம் அதே வார்த்தை. இது என்னைப் பற்றியா என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

வாசித்துக் காட்டு என்றாள், அதையும் மலையாளத்தில்தான். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகிறபோது, "அவ கேக்கறச்சே ஒழுங்கா வாசிங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாய்மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். முதல் குறிப்பிலிருந்து வாசித்தேன். என்ன செய்தேன்: கத்தினேன். மகள் 'அப்பா, ஒரு காரியம்' என்றாள். 'முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு' என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. டிசம்பர் ஷூ, பொங்கலன்று கை அலம்பியது எல்லாம் வாசித்தேன். தான் வந்து வந்து திரும்பிப் போனதை அவளும் அப்படியே நினைவில் வைத்திருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பொங்கல் குறிப்பின் அடியில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அவள் விரலை அந்த இடத்தில் வைத்தாள். இவ்வளவு நேரமும் நான் வாசிக்க வாசிக்க வரிக்கு வரி விரலை நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, வரி தெரியாதா?

"மூணு வரி விட்டுட்டே, அப்பா" என்றாள்.

தமிழில்! கரமனைத் தமிழில், நீ போட்டு, எப்போதும்போல. அடுப்படியில் குழாய் ஓடுகிற சத்தம் நின்றது. எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது அந்த மூன்று வரியை வாசிக்க.

'பொய் சொன்னாள் என்று எனக்குக் கோபமில்லை. ஆறு வாரம் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைவதுகூட என்னிடம் பேசுவதைவிட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்படி ஒரு அப்பாவாக இருக்க நான் ஆசைப்படவில்லை.'

அவள் நோட்டின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். பிறகு, "ஒரு காரியம் சொல்லட்டா?" என்றாள்.

"முதல்ல..." என்றது என் பாழாய்ப்போன வாய். கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி 'க்ளுக்' என்று சிரித்தது கேட்டது. மகளும் சிரித்துவிட்டாள்.

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். அந்த வகுப்பில் வாரா வாரம் மார்க் பார்த்து உட்கார வைப்பார்களாம். இவள் ஒவ்வொரு வாரமும் ஒரு பெஞ்சு பின்னால் போய்க்கொண்டிருந்தாளாம். கடைசி பெஞ்சுக்கு வந்த அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவள் அப்புறம் உள்ளே போகவில்லை. லைப்ரரியில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்தாளாம். அதனால்தான் பிளஸ் டூவில் அத்தனை மார்க். டாக்டராகணும் என்று தனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை என்றாள். இதைச் சொல்லத்தான் மூன்று தடவை வந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதைச் சொல்ல விடாமல் ஆறு மாதம் ஆக்கியவன் நான். அவள் பேசப் பேச என் மார்மேல் இருந்த பாரம் இறங்கியது. அவ்வளவு லேசாக நான் எத்தனையோ நாளாக இருந்ததில்லை.

ஆபீஸில் இந்த மாதிரி எழுதினதை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டாள். சரி செய்ததை வேறு ஒருவர் சோதித்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அடியில் எழுத வேண்டும் என்றேன். பேனாவை வாங்கி அந்த மூன்று வரிக்குக் கீழே மலையாளத்தில் மளமளவென்று எழுதினாள்.

இருபது வருஷமாக இங்கே இருந்தும் எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கடைப் பெயர்ப் பலகை படிப்பேன். அவளுடைய கூட்டெழுத்து எனக்குப் பிடிபடாது.

"வாசிச்சு சொல்லு" என்றேன்.

"சரியாயிடுத்து. ஆனாலும் ஓணத்துக்கு வரச்சே இன்னொரு தடவை பார்க்கணும்" என்று வாசித்தாள்.

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது இரண்டு வரிக்குத்தான் இருக்கும். எழுதியிருந்தது மூன்று.

"ஒரு வரியை விட்டுட்டே" என்றேன்.

"பின்னே சொல்றேன்" என்றாள்.

அவள் போய் இரண்டு வாரமாகிறது. தினமும் சாயங்காலம் நான் பஸ்ஸில் இருக்கும்போது கூப்பிடுகிறாள், தமிழில் வளவளவென்று பேசுகிறாள். நோட்டு என் புதுப் பையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற யாரிடம் காட்டினாலும் அந்த மூன்றாவது வரியை ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவார்கள். நான் காட்டவில்லை. அவள் சொல்கிறேன் என்றிருக்கிறாள், சொல்வாள்.